ஒசாகா: நாளுக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு டிக்கெட் – சுற்றிப்பார்க்க முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் பலருக்கு ஒசாகா என்பது அறை எடுத்துத் தூங்குகிற இடம், அவ்வளவுதான். விமானம் இங்கே இறங்குகிறது, ரயில் எல்லாத் திசைக்கும் போகிறது, அதனால் பெட்டியை இங்கே வைக்கிறார்கள். ஒரு நாள் கியோட்டோ, மறுநாள் நாரா. இரவு திரும்பி வந்து, ஓடும் மனிதர் விளம்பரப் பலகை முன்னால் கையைத் தூக்கி ஒரு போட்டோ. ஒசாகா முடிந்தது!

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1945 குண்டுவீச்சில் இந்த நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. கியோட்டோ மாதிரி வீதிக்கு வீதி பழைய கோயில் பார்க்கும் ஊர் இல்லை இது. இது வியாபாரிகள் வளர்த்த ஊர். சாப்பிட, நடக்க, வேடிக்கை பார்க்க, சத்தம் போட்டுச் சிரிக்க ஏற்ற ஊர். பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே ஓடினால் இதன் ருசி தெரியாது.

அதனால் நான் சொல்லும் திட்டம் எளிமையானது. நகரத்தை நான்கு பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஒரு பக்கத்தை விட்டு வெளியே போகாதீர்கள். கட்டணம் உள்ள பெரிய இடம் ஒரு நாளைக்கு ஒன்று போதும். மிச்ச நேரத்துக்கு இலவசமாகப் பார்க்கவே ஏராளம் இருக்கிறது.

1. எந்த மாதம் போவது

மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, அப்புறம் நவம்பர். இந்த இரண்டும்தான் சுகமான காலம். ஏப்ரல் தொடக்கத்தில் சாதாரண செர்ரிப் பூக்கள் உதிர்ந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். அரசாங்க நாணயச் சாலை தன் வளாகத்துக்குள் இருக்கும் செர்ரி மர நடைபாதையை ஏப்ரலில் ஏறக்குறைய ஒரு வாரம் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். 1883இல் தொடங்கிய பழக்கம் இது. அங்கே இருப்பவை பெரும்பாலும் தாமதமாகப் பூக்கும் அடுக்கு இதழ் வகைகள். அனுமதி இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும்.

ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், காற்றில் ஈரமும் அதிகம். சென்னை வெயில் பழகியவன் எனக்கென்ன என்று நினைக்காதீர்கள்; சென்னையில் யாரும் மதியம் 2 மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் நடப்பதில்லை. செப்டம்பரில் புயல் அபாயம் உண்டு. வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் ஜூலை 24, 25 தேதிகளில் வாருங்கள். தென்ஜின் திருவிழா அப்போதுதான். 25ஆம் தேதி மாலை சுமார் நூறு படகுகள் விளக்கோடு ஆற்றில் ஊர்வலம் போகும், வாணவேடிக்கையும் இருக்கும். கூட்டம் நெருக்கித் தள்ளும்.

மார்ச்சில் போகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் பெரிய சுமோ போட்டிகளில் ஒன்று ஒசாகாவில் நடக்கும். மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்கிப் பதினைந்து நாள், நம்பா என்ற மையப் பகுதியின் பக்கத்து உள்ளரங்கில். டிக்கெட் விற்பனை தொடங்கியதுமே வாங்கிவிடுங்கள். காலையிலிருந்தே இளையவர்கள் மோதுவார்கள். பெரிய வீரர்களைப் பார்க்க மதியத்துக்கு மேல் போனால் போதும்.

2. கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். சொருகி இரண்டு தட்டைக் கம்பி உள்ளது. நம் ஊர் உருண்டைக் கம்பி உள்ளே போகாது, அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரும் லேப்டாப் சார்ஜரும் 100 வோல்ட்டில் வேலை செய்யும். நம் ஊர் 230 வோல்ட் கெட்டில் சரியாகச் சூடாகாது.

குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் 'விசிட் ஜப்பான் வெப்' என்ற அரசுத் தளத்தில் முன்பே விவரம் நிரப்பி க்யூஆர் குறியீட்டைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டீர்களா என்று ஊரிலேயே பாருங்கள். கையில் ரொக்கமும் வேண்டும். சின்னக் கடைகள், கோயில்கள், பழைய சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் இன்னும் காசுதான். செவன் இலெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்குப் பணம் வரும்.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகும் எண்ணம் இருந்தால் அதற்கான டிக்கெட்டையும் இப்போதே வாங்குங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

3. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

கான்சாய் விமான நிலையம் கடலை நிரப்பி உண்டாக்கிய செயற்கைத் தீவில் இருக்கிறது. 1994இல் திறந்தது. அங்கிருந்து இரண்டு ரயில் நிறுவனங்கள் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடுகின்றன. நம்பா பக்கம் தங்குகிறவர்களுக்கு நான்காய் ரயில். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் முக்கால் மணி நேரத்தில் சேர்க்கும், கட்டணம் ஆயிரம் யென்னுக்குள். நீல நிற ராப்பிட் ரயிலில் கொஞ்சம் வேகம், இருக்கை உறுதி, காசு கூடுதல். டென்னோஜி, உமேதா, ஷின் ஒசாகா பக்கம் தங்குகிறவர்களுக்கு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே).

எங்கே தங்குவது என்றால் என் ஓட்டு நம்பாவுக்குத்தான். உமேதா வசதியானது, ஆனால் அதன் நிலத்தடிக் கடைவீதிகளில் ஒசாகாக்காரர்களே வழி தவறுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஹொம்மாச்சி அமைதியான அலுவலகப் பகுதி. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அது நன்றாக ஒத்துவரும். மூன்றும் ஒரே மெட்ரோ பாதையில் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். அந்தப் பாதையின் பெயர் மிடோசுஜி, நிறம் சிவப்பு, 1933இலிருந்து ஓடுகிறது. வடக்கே ஷின் ஒசாகா, உமேதா, நடுவில் ஹொம்மாச்சி, ஷின்சாய்பாஷி, நம்பா, தெற்கே டென்னோஜி. இந்த ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் ஒசாகாவின் பாதி வரைபடம் கைக்கு வந்த மாதிரி. இதன் ரயில்களில் வார நாள் முழுவதும் பெண்களுக்கு மட்டும் ஒரு பெட்டி உண்டு; நடைமேடையில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருக்கும்.

ரயிலிலும் மெட்ரோவிலும் காட்டிப் போக இக்கோக்கா அட்டை ஒன்று வாங்குங்கள். 2,000 யென், அதில் 500 முன்பணம், 1,500 பயணத்துக்கு. மெட்ரோவில் நிறையத் தடவை ஏறி இறங்கப்போகிற நாளில் மட்டும் 'என்ஜாய் ஈகோ கார்டு' என்ற ஒரு நாள் சீட்டைப் பாருங்கள். வார நாளில் 820 யென், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 620. குறைந்தபட்ச மெட்ரோ கட்டணமே 190 யென் என்பதால் ஐந்து தடவை ஏறினால் காசு மிச்சம்.

'ஒசாகா அமேசிங் பாஸ்' பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு நாள் பாஸ் 3,000 யென்னுக்கு மேல். மெட்ரோவும் பல இடங்களின் நுழைவும் அதில் சேர்ந்திருக்கும். கணக்குப் போட்டால் லாபம்தான். ஆனால் அந்த லாபத்தை எடுக்க வேண்டுமென்றே காலையிலிருந்து ராத்திரி வரை ஓட வேண்டியிருக்கும். வேண்டாம் என்பது என் கருத்து. கல்லூரிப் பையன்கள் வேண்டுமானால் வாங்கட்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடது பக்கம் நிற்பார்கள். ஒசாகாவில் வலது பக்கம். யோசிக்கவே வேண்டாம், முன்னால் நிற்பவர் பின்னால் நில்லுங்கள். ரயிலில் போன் பேசக் கூடாது. குப்பைத்தொட்டி கிடைக்காது, பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் புகை பிடிப்பது 2025 ஜனவரி முதல் நகரம் முழுவதும் தடை.

4. சாப்பாடு: சைவமோ அசைவமோ, முதலில் இதைப் படியுங்கள்

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். தக்கோயாக்கியில் தொடங்குங்கள். குழிப்பணியாரச் சட்டி மாதிரியே ஒரு தட்டு, அதில் மாவு ஊற்றி, ஆக்டோபஸ் துண்டு போட்டு, ஊசியால் திருப்பித் திருப்பி உருட்டுவார்கள். 1930களில் ஒசாகாவிலேயே பிறந்த பண்டம். வெளியே ஆறியது போலத் தெரியும், உள்ளே கொதிக்கும். அப்படியே வாயில் போட்டால் நாக்கு போச்சு. அடுத்து ஒக்கோனோமியாக்கி: முட்டைக்கோஸ் நிறையப் போட்டு, முட்டை, மாவு, இறைச்சி அல்லது கடலுணவு கலந்து சூடான இரும்புத் தகட்டில் சுடும் கனத்த அடை. பல கடைகளில் தகடு உங்கள் மேஜையிலேயே இருக்கும். மூன்றாவது குஷிகட்சு, குச்சியில் குத்திப் பொரித்தது. அதைச் சாப்பிட ஷின்சேகாய் போக வேண்டும்.

சுழலும் பட்டையில் தட்டு வரும் சுஷிக் கடையும் இந்த மண்ணில் பிறந்ததுதான். முதல் கடை 1958இல் பக்கத்து ஊரான ஹிகாஷி ஒசாகாவில் திறந்தது.

இனி சைவம். பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் நினைத்த இடத்தில் நுழைந்து சாப்பிடவும் முடியாது. சிக்கல் கண்ணுக்குத் தெரியும் மீனில் இல்லை, தாஷி என்னும் கொதிநீரில் இருக்கிறது. சூப், நூடுல்ஸ், குழம்பு, வேகவைத்த காய்கறி, ஒக்கோனோமியாக்கி மாவு என எதிலும் அது இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கத்சுவோபுஷி. யாழ்ப்பாணத்துச் சம்பலிலும் தூத்துக்குடிக் கரையோரச் சமையலிலும் போடுகிற மாசி இருக்கிறதே, அதே சூரை மீனைப் புகை போட்டுக் காயவைத்து, சீவலாகச் சீவினால் கத்சுவோபுஷி. 'காய்கறி மட்டும்' என்று நீங்கள் கேட்டால் கடைக்காரர் காய்கறிதான் தருவார். அது மாசித் தண்ணீரில் வெந்திருக்கும். அவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது மீனே இல்லை.

அதனால் இந்த வாக்கியத்தைப் போனில் ஜப்பானிய எழுத்தில் சேமித்துக் காட்டுங்கள். வாயால் சொல்வதென்றால்: 'நிக்கு தோ சகானா வா தாபெமாசென். தாஷி மோ தமே தெசு.' இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், தாஷியும் ஆகாது என்று பொருள். முடியாது என்று அவர்கள் கையைக் குறுக்கே வைத்துக் காட்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். வீகன் கடைகளைக் காட்டும் ஹேப்பிகௌ செயலி இங்கே நன்றாக உதவும். இந்திய, நேபாளி உணவகங்கள் நகரம் முழுவதும் உண்டு. நான் ரொட்டியும் பருப்பும் எங்கும் கிடைக்கும். கோக்கோ இச்சிபான்யா என்ற கறிச் சங்கிலிக் கடையின் பல கிளைகளில் சைவக் குழம்புக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அவசரத்துக்குச் சூப்பர் மார்க்கெட்டில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பழம், சிவப்புப் பயறு வைத்த தைஃபுக்கு என்ற அரிசி மாவு இனிப்பு. சோற்று உருண்டையில் உப்பிட்ட பிளம் வைத்தது சைவம் போலத் தெரியும். உறைமேல் உள்ள சேர்மானப் பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சேதி. ஒசாகாவில் 'ஸ்பைஸ் கறி' என்று ஒரு பைத்தியம் இருக்கிறது. ஜப்பானியச் சமையல்காரர்களே கடுகு, சீரகம், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து, தென்னிந்தியா, இலங்கை இரண்டையும் பார்த்துக் கற்று, அதோடு தங்கள் தாஷியையும் கலந்து புதிதாக ஒன்றைச் செய்கிறார்கள். தட்டு நடுவில் சோறு, இருபுறமும் இரண்டு குழம்பு, ஓரத்தில் பொரியல் மாதிரி நாலு வகை. வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்று போனால் ஏமாற்றம். வேடிக்கையாகச் சாப்பிடப் போனால் பிடித்துவிடும். பல கடைகள் மதியம் மட்டும்தான், தீர்ந்ததும் மூடிவிடுவார்கள்.

5. முதல் நாள்: நம்பா, கால்நடையாக

விமானக் களைப்போடு தூரம் போக வேண்டாம். காலையில் நம்பா யாசாக்கா கோயிலுக்குப் போங்கள். 12 மீட்டர் உயரச் சிங்கத் தலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த வாய்தான் மேடை. 1974இல் கட்டியது, பழமை ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். இலவசம்.

குரோமோன் சந்தையை எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. ஒரு சுற்று நடங்கள், போதும். சுற்றுலாக்காரர்களுக்கென்றே விலை ஏறிப்போன இடம். ஒரு குச்சி நண்டுக்குக் கொடுக்கும் காசில் பக்கத்துத் தெருவில் வயிறாரச் சாப்பிடலாம். பாத்திரக் கடைவீதி டோகுயாசுஜி அதைவிட நூறு மடங்கு மேல். தக்கோயாக்கித் தட்டு, கத்தி, கிண்ணம், கடை வாசலில் வைக்கும் பிளாஸ்டிக் உணவு மாதிரிகள் என்று நிறைந்திருக்கும். வாங்குவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள்.

மதியம் தேசிய புன்ராக்கு அரங்கம். புன்ராக்கு என்பது ஜப்பானியப் பொம்மலாட்டம். நிகழ்ச்சி நடக்கும் மாதங்கள் குறிப்பிட்டவை, முன்பே தேதி பாருங்கள். இதைத்தான் முதல் நாளின் டிக்கெட்டாகச் சொல்வேன். ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலைமைக் கலைஞர் தலையையும் வலது கையையும் ஆட்டுவார், இரண்டாமவர் இடது கையை, மூன்றாமவர் கால்களை. மேடையோரம் ஒருவர் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களின் குரலையும் தானே பேசி, அழுது, பாடுவார். பக்கத்தில் ஷாமிசென் நரம்பிசை. கறுப்புத் துணி போர்த்திய மனிதர்கள் கண்முன்னே நிற்கிறார்கள், ஆனால் பத்து நிமிடத்தில் அவர்கள் மறைந்து பொம்மை மட்டும் நிற்கும். இந்தக் கலை வளர்ந்ததே டோட்டோன்போரியில், 1684இல் தொடங்கிய அரங்கில்தான். இப்போதைய கட்டடம் 1984இல் திறந்தது. முழு நிகழ்ச்சிக்கும் பொறுமை இல்லையென்றால் ஓர் அங்கத்துக்கு மட்டும் குறைந்த விலைச் சீட்டு கிடைக்கிறதா என்று கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் துயரம் புரியும்.

இருட்டிய பிறகு டோட்டோன்போரி. இந்தக் கால்வாய் 1612இல் வெட்டத் தொடங்கி 1615இல் முடிந்தது. ஓடும் மனிதர் பலகை கிளிக்கோ மிட்டாய் நிறுவனத்துடையது. முதல் பலகை 1935இல் வந்தது, இப்போது நிற்பது 2014இல் வைத்த ஆறாவது. எதிரில் இருக்கும் எபிசு பாலத்தில் எப்போதும் நெரிசல். ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி ஜெயித்தால் ரசிகர்கள் கால்வாயில் குதிக்கும் இடமும் இதுதான். 1985இல் ஜெயித்தபோது கேஎஃப்சி தாத்தா சிலையையும் தூக்கித் தண்ணீரில் போட்டார்கள். அதற்கப்புறம் அணிக்குப் பெரிய கோப்பை கிடைக்கவே இல்லை. தாத்தாவின் சாபம் என்றது ஊர். 2009இல் சிலை சேற்றிலிருந்து கிடைத்தது. கோப்பை 2023இல்தான் வந்தது. தாத்தா அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கிறவர் இல்லை போல.

இந்த இரைச்சலுக்கு ஒரு சந்து தள்ளி ஹோசென்ஜி கோயில். கல் பாவிய குறுகிய வழி, காகித விளக்குகள், உடம்பெல்லாம் பாசி மூடிய ஃபுதோ மியோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை. வருகிறவர்கள் வேண்டிக்கொண்டு தண்ணீர் மொண்டு சிலைமேல் ஊற்றுவார்கள். பாசி அப்படி வளர்ந்ததுதான். நீங்களும் ஊற்றலாம். இது வழிபாட்டு இடம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டோட்டோன்போரியில் இரவு நேரத்தில் 'வாங்க, மலிவு' என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிற ஆட்களோடு எந்த மதுக்கடைக்கும் போகாதீர்கள். ஜப்பானில் ஏமாற்று இல்லை என்பதெல்லாம் அந்தப் படிக்கட்டு வரைக்கும்தான்.

6. இரண்டாம் நாள்: கோட்டை, பழைய ஊர், வானத்தில் ஒரு தோட்டம்

டனிமாச்சி யோன்சோமே நிலையத்தில் இறங்கி ஓத்தேமோன் வாயில் வழியாக ஒசாகா கோட்டைக்குள் நுழையுங்கள். கதையைச் சுருக்கமாகச் சொன்னால்: ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி தோயோதோமி ஹிதேயோஷி 1583இல் கட்டத் தொடங்கினார், 1615 முற்றுகையில் அவர் வம்சத்தோடு கோட்டையும் வீழ்ந்தது. அவர்களை வென்ற தோக்குகாவா வம்சத்தார் அதை மண்ணில் புதைத்து, அதன் மேலேயே புதிய கோட்டை கட்டினார்கள். அவர்கள் கட்டிய கோபுரம் 1665இல் இடி விழுந்து எரிந்தது. இப்போது வெள்ளையும் பச்சையுமாக நிற்பது 1931இல் நகர மக்கள் நன்கொடை போட்டுக் கட்டிய கான்கிரீட் கோபுரம். உள்ளே லிஃப்ட் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவு 1,200 யென்.

உள்ளே போக வேண்டுமா? மரத்தால் ஆன அசல் கோட்டை பார்க்க ஆசை என்றால் ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் ஹிமேஜிக்குப் போங்கள். ஒசாகாவில் அசல் என்பது அகழியும் மதில்களும். அவை இலவசம், கோபுரத்தைவிட அழகு. சாக்குராமோன் வாயிலைத் தாண்டியதும் எதிரே நிற்கும் 'ஆக்டோபஸ் கல்' ஒற்றைக் கல்; முகப்பு மட்டும் ஏறக்குறைய 60 சதுர மீட்டர், எடை 100 டன்னுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். கப்பலில் கொண்டுவந்தது. மதில் கற்களில் சின்னச் சின்ன முத்திரைகள் செதுக்கியிருக்கும். எந்தப் பிரபு எந்தக் கல்லைக் கொடுத்தார் என்பதற்கான அடையாளம். குழந்தைகளை அவற்றைத் தேடவிட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

அடுத்து டென்ஜின்பாஷிசுஜி. 2.6 கிலோமீட்டர் நீளத்துக்கு மேற்கூரை போட்ட கடைவீதி, ஏறக்குறைய 600 கடைகள், ஜப்பானிலேயே நீளமானது. தெற்கு முனையில் தென்மாங்கு கோயிலருகே தொடங்கி வடக்கே நடங்கள். செருப்பு, ஊறுகாய், பழைய புத்தகம், கொரோக்கே (பொரித்த உருளைக்கிழங்குக் கட்லெட்) என்று உள்ளூர்க்காரர்கள் வாங்கும் விலைக்கே கிடைக்கும். மழை நாளுக்கும் ஏற்றது. வடக்கு முனையில், டென்ஜின்பாஷிசுஜி ரோக்குச்சோமே மெட்ரோ நிலையத்துக்கு மேலேயே உள்ள கட்டடத்தின் எட்டாவது மாடியில் 'வீடும் வாழ்வும்' அருங்காட்சியகம். இரண்டாம் நாளின் டிக்கெட் இதற்குத்தான். 1830களின் ஒசாகாத் தெரு ஒன்றை அப்படியே உள்ளே கட்டி வைத்திருக்கிறார்கள்: மருந்துக்கடை, துணிக்கடை, பொதுக்குளியல் வீடு, கிணறு. மேலே வானம் விடிந்து, வெளுத்து, இருளும்; இடி இடிக்கும். கிமோனோ வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு தெருவில் நடக்கலாம். கியோட்டோவில் கொடுக்கும் வாடகையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. செவ்வாய் விடுமுறை.

காலில் தெம்பு இருந்தால் சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னால் உமேதா ஸ்கை பில்டிங். இரண்டு கோபுரங்களை உச்சியில் இணைத்து, நடுவில் வட்ட ஓட்டை விட்டிருக்கிறார்கள். 1993இல் முடிந்தது, 173 மீட்டர். அந்த ஓட்டையின் குறுக்கே அந்தரத்தில் போகும் எஸ்கலேட்டர்தான் இதன் கிளர்ச்சி. உயரம் ஆகாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கும் கட்டணம் உண்டு. நாளுக்கு ஒரு டிக்கெட் என்ற என் விதியை மீற ஓர் இடம் கேட்டால் இதைச் சொல்வேன்.

7. மூன்றாம் நாள்: துறைமுகம் அல்லது யுனிவர்சல், இரண்டும் வேண்டாம்

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2001இல் திறந்தது. நின்டெண்டோ பகுதி 2021இல் வந்த பிறகு கூட்டம் வேறு ரகம். டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். நின்டெண்டோ பகுதிக்குள் போக, கூட்டம் உள்ள நாட்களில் தனி நேரச் சீட்டு வேண்டும். உள்ளே நுழைந்ததும் செயலியில் எடுக்கலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும். அல்லது அந்தப் பகுதியும் சேர்ந்த எக்ஸ்பிரஸ் பாஸை வாரங்களுக்கு முன்பே வாங்க வேண்டும். அந்தப் பாஸ் நுழைவுச்சீட்டைவிடவும் விலை போகலாம். அறிவித்த நேரத்துக்கு முன்பே கதவைத் திறப்பது அங்கே வழக்கம்; ஒரு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். வார இறுதி, ஜப்பானியப் பள்ளி விடுமுறை, ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை: தவிர்த்துவிடுங்கள்.

பூங்கா சவாரிகளில் ஆசை இல்லாதவர்களுக்குக் கையூகான் மீன்காட்சியகம். 1990இல் திறந்தது. சூவோ பாதையில் ஒசாகாகோ நிலையம். எட்டாவது மாடிக்கு ஏற்றிவிட்டு, நடுவில் இருக்கும் பிரம்மாண்டத் தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வைப்பார்கள். தொட்டி 9 மீட்டர் ஆழம், 5,400 டன் தண்ணீர். அதில் திமிங்கலச் சுறா நீந்துகிறது. அதை மேல் மாடியிலும் பார்ப்பீர்கள், நடுவிலும் பார்ப்பீர்கள், கீழிருந்து வயிற்றையும் பார்ப்பீர்கள். நேரம் குறித்த சீட்டு, இணையத்தில் வாங்கலாம். காலை முதல் வேளையோ மாலையோ நல்லது.

வெளியே வந்ததும் மலையேறலாம். டெம்போசான் மலை, உயரம் 4.53 மீட்டர்! ஆற்றைத் தூர்வாரிய மண்ணைக் குவித்த மேடு. ஜப்பானின் மிகத் தாழ்ந்த மலை என்ற பெருமையைப் பல காலம் வைத்திருந்து, செண்டாயில் இருக்கும் 3 மீட்டர் மேட்டிடம் இழந்தது. ஏற ஒரு நிமிடம் ஆகாது.

அதன் அருகிலேயே அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: மாநகராட்சியின் இலவசப் படகு. ஒசாகாவில் இப்படி எட்டுத் துறைகள் இன்னும் இயங்குகின்றன. சைக்கிள்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். டெம்போசான் துறையில் ஏறினால் ஆற்றைக் கடந்து சகுராஜிமா பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து சகுராஜிமா ரயில் நிலையம் நடை தூரம். அடுத்த நிலையமே யுனிவர்சல். பயணம் சில நிமிடம்தான், காசு கொடுத்து ஏறும் சுற்றுலாப் படகுகளில் இந்தச் சுகம் கிடையாது. அரை மணிக்கு ஒரு முறை என்பதால் துறையில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

8. நான்காம் நாள்: தெற்கு

இந்தப் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. நாள் தேர்வு செய்ய முடிந்தால் 21 அல்லது 22ஆம் தேதியில் வையுங்கள். மாதாமாதம் அந்த இரு நாளும் ஷிட்டென்னோஜி கோயில் வளாகத்தில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய கிமோனோ சில நூறு யென்னுக்குக் கிடைக்கும்.

ஷிட்டென்னோஜியை இளவரசர் ஷோத்தோகு 593இல் நிறுவினார் என்பது வரலாறு. கட்டடங்கள் பலமுறை எரிந்தன. மையப்பகுதி போருக்குப் பின் கான்கிரீட்டில் எழுப்பியது. ஆனால் வாயில், கோபுரம், கருவறை மண்டபம், பிரசங்க மண்டபம் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் அந்தப் பழைய அமைப்பு மாறவில்லை. கோயில் பெயரிலேயே இருப்பவர்கள் நான்கு திசைக் காவலர்கள். நம் திசைக்காவலர் மரபு பௌத்தத்தோடு கிளம்பி, சீனா, கொரியா வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. வடக்குக் காவலர் பிஷாமோன் வேறு யாருமில்லை, வைசிரவணன் என்கிற நம் குபேரன். இங்கே கவசம் போட்டுப் போர்வீரராகிவிட்டார்.

அங்கிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் இஷ்ஷின்ஜி. இறந்தவர்களின் எலும்புச் சாம்பலைச் சேர்த்துப் புத்தர் சிலைகள் வார்க்கிறார்கள். 1887இலிருந்து இந்த வழக்கம். குடும்பங்கள் வந்து தங்கள் முன்னோருக்கு ஊதுவத்தி ஏற்றி நிற்பார்கள். கேமராவைப் பையில் போடுங்கள்.

சரிவில் இறங்கினால் ஷின்சேகாய். 1912இல் பாரிஸையும் நியூயார்க்கின் கோனி தீவையும் பார்த்துக் கட்டிய கேளிக்கைப் பேட்டை, பிறகு மங்கிப்போய், இப்போது அந்த மங்கலையே அழகாக்கி வைத்திருக்கிறது. நடுவில் சூத்தென்காக்கு கோபுரம். முதல் கோபுரம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்புக்காகக் கழற்றப்பட்டது. இப்போதையது 1956இல் கட்டியது. வடிவமைத்த நைத்தோ தாச்சூதான் டோக்கியோ டவரையும் வடிவமைத்தவர். உள்ளே பில்லிக்கென் என்ற சிரித்த முகச் சாமி. உள்ளங்காலைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம். தைரியசாலிகளுக்கு 60 மீட்டர் நீளச் சறுக்குக் குழாயும் இருக்கிறது.

குஷிகட்சு இங்கேதான். ஒரே சட்டம்: பொதுச் சாஸ் கிண்ணத்தில் கடித்ததை மறுபடி முக்கக் கூடாது. இப்போது பல கடைகள் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளத் தந்துவிட்டன. தாமரைத்தண்டு, வெங்காயம், கத்தரிக்காய்க் குச்சிகளும் உண்டு; எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பக்கத்தில் எபிசுசோவிலிருந்து ஹாங்காய் டிராம் ஏறுங்கள். ஒசாகாவில் மிஞ்சியிருக்கும் ஒரே டிராம். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போய் சுமியோஷி தாய்ஷா கோயில் வாசலிலேயே இறக்கிவிடும். கடல் பயணிகளைக் காக்கும் தெய்வங்கள். குளத்தின் மேல் அரைவட்டமாக வளைந்த சிவப்புப் பாலம். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். சீனப் பாணி வருவதற்கு முன்னிருந்த கட்டட முறையில் நேரான கூரையோடு நான்கு சன்னிதிகள். நுழைவு இலவசம். மாலையில் கூட்டமே இருக்காது.

திரும்பும் வழியில் டென்னோஜியில் அபேனோ ஹருகாஸ், 300 மீட்டர். உச்சி மாடிக்குக் காசு. 16ஆவது மாடித் தோட்டம் இலவசம். எனக்கு 16 போதும்.

9. இன்னும் ஒரு நாள் இருந்தால்

உமேதாவிலிருந்து ஹான்கியூ ரயிலில் இகேதா, இருபது நிமிடம். 1958இல் மொமோஃபுக்கு ஆண்டோ உலகின் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸைக் கண்டுபிடித்தது இந்த ஊரில், வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகையில். கப் நூடுல்ஸ் அருங்காட்சியகத்தில் அந்தக் கொட்டகையின் மாதிரி இருக்கிறது, நுழைவு இலவசம். 500 யென் கொடுத்துக் காலிக் கப் வாங்கி, நீங்களே படம் வரைந்து, நாலு சூப்பில் ஒன்று, பன்னிரண்டு சேர்மானங்களில் நாலு என்று தேர்ந்தெடுத்தால், மூடி ஒட்டிக் காற்றுப் பையில் போட்டுத் தருவார்கள். 5,460 விதமாகச் சேர்க்கலாம். சைவர்களுக்குச் சூப் ஒத்துவராது, படம் வரைவதோடு சரி. செவ்வாய் விடுமுறை.

அதே ரயில் பாதையில் ஒரு நிலையம் முன்னால் இஷிபாஷியில் மாறினால் மினோ. ஓடையோரம் முக்கால் மணி நேரம் நடந்தால் 33 மீட்டர் அருவி. வழியில் மேப்பிள் இலையை உப்பில் ஊறவைத்து, இனிப்பு மாவில் தோய்த்து, பொரித்து விற்பார்கள். நவம்பர் கடைசியில் மலையே சிவந்திருக்கும், கூட்டமும் அப்படியே.

அல்லது நாரா: நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் நாற்பது நிமிடம். தோதாய்ஜியின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து வந்த துறவி போதிசேனர்.

10. கிளம்பும் நாள்

பெட்டியை நம்பா நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டு டோகுயாசுஜிக்குப் போங்கள். தக்கோயாக்கித் தட்டு வாங்குவதென்றால் வார்ப்பிரும்பில், கேஸ் அடுப்பில் வைக்கிற வகையாகப் பாருங்கள். மின்சாரத் தட்டு 100 வோல்ட்டுக்கு ஆனது; நம் ஊர் 230 வோல்ட்டில் சொருகினால் அன்றே கருகும். கத்தி வாங்கினால் கைப்பையில் வைக்காமல் விமானத்தில் போடும் பெட்டியில் வையுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், வரிச் சலுகைக்குக் கேட்பார்கள்.

நம்பாவிலிருந்து நான்காயில் போகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஜேஆரின் விமான நிலைய ரேபிட் ரயிலில் போகிறவர்கள் ஏறும் முன் பெட்டியைக் கவனியுங்கள். அந்த ரயில் ஹிநேனோ நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முதல் நான்கு பெட்டிகள் விமான நிலையத்துக்கு, பின்னால் உள்ளவை வக்காயாமா பக்கம். பெட்டிக்குள் திரையில் எந்த ஊர் என்று ஓடும். தவறான பகுதியில் ஏறிவிட்டால் ஹிநேனோவில் இறங்கி முன்பக்கம் மாற நேரம் கொடுப்பார்கள், தூங்கிவிடாமல் இருந்தால் போதும்.